யாருக்கு ஒரு பக்கம்?

கல்வராயன் மலைக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்தும் ஏறலாம், சேலம் பக்கமிருந்தும் ஏறலாம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே போனால் வெள்ளிமலை வரும். ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம் வழியாகப் போனால் கருமந்துறை. இரண்டு பக்கமும் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான். அதே சாமை, அதே மரவள்ளி, அதே கடுக்காய். ஆனால் மலையின் நடுவே மாவட்ட எல்லை ஒன்று ஓடுகிறது. தொகுதி எல்லையும் அங்கேதான். கருமந்துறைப் பக்கம் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. வெள்ளிமலைப் பக்கம் சங்கராபுரம் தொகுதி, பொதுத் தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று இருப்பவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே.

இந்தக் கோட்டின் விளைவை இணையக் கலைக்களஞ்சியம் வரைக்கும் பார்க்கலாம். மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எவரும் விக்கிப்பீடியாவில் தனிக்கட்டுரைக்குத் தகுதியானவர் என்று அதன் விதி எடுத்துக்கொள்கிறது. ஏற்காட்டில் 2013 இடைத்தேர்தலில் வென்ற சரோஜா, 2016லும் 2021லும் வென்ற சித்ரா ஆகியோர் வெற்றி அறிவிக்கப்பட்ட அன்றே அந்தத் தகுதியைப் பெற்றுவிட்டார்கள். அவர்களைப் பற்றி இரண்டு வரிதான் எழுத முடிந்தாலும் கட்டுரையை யாரும் எளிதில் நீக்க முடியாது. மலையின் மறுசரிவில், வெள்ளிமலைப் பக்கம், இருபது ஆண்டு ஊருக்காக அலுவலகப் படியேறிய ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு இந்த வழி நடைமுறையில் இல்லை. சான்று இருக்கிறதா என்று அவரைக் கேட்பார்கள்.

அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது, அதற்கு ஏன் பதில் கிடைப்பதில்லை என்பது விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இன்று பள்ளிப் பிள்ளை முதல் செய்தியாளர் வரை ஒருவரைப் பற்றி அறிய முதலில் போய்ப் பார்க்கும் இடம் விக்கிப்பீடியா. தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளும் அதிலிருந்தே நிறையக் கற்றுக்கொள்கின்றன. அங்கே இல்லாதவரைப் பற்றி அடுத்த செய்தியாளர் எழுதுவது அரிது. அவர் எழுதாததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் பக்கம் இல்லை.

விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் எழுதியதெல்லாம் நிற்காது. ஒருவருக்குத் தனிக்கட்டுரை இருக்கலாமா என்று முடிவு செய்யும் விதியைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள். அவர் நல்லவரா, பெரிய காரியம் செய்தவரா என்று அந்த விதி பார்ப்பதில்லை. அவரோடு சம்பந்தமில்லாத யாராவது, நம்பத்தகுந்த இடத்தில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று மட்டுமே பார்க்கிறது. மலையில் ஒரு ஊராட்சித் தலைவி சாலை வேண்டி மனு கொடுத்தார் என்று நாளிதழில் நான்கு வரி வந்தால் அது விரிவான எழுத்து ஆகாது. அவருக்குப் பயிற்சி கொடுத்த தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை மூன்று பக்கம் பாராட்டினாலும், அது சம்பந்தப்பட்டவர்களின் எழுத்து. வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் வந்தவை, படித்துத் திருத்தும் ஆசிரியர் யாரும் இல்லாதவை. எதுவும் தேறாது.

கட்டுரையை நீக்க வேண்டும் என்று யாராவது முன்மொழிந்தால் ஆங்கில விக்கிப்பீடியாவில் வழக்கமாக ஏழு நாள் உரையாடல் நடக்கும். கை தூக்கி எண்ணும் வாக்கெடுப்பு அல்ல அது. பத்துப் பேர் சும்மா வேண்டும் என்று சொல்வதைவிட, ஒருவர் இரண்டு நல்ல சான்றுகளைக் கொண்டுவந்து வைப்பதற்கு எடை அதிகம். ஏழு நாள் முடிந்ததும் நிர்வாகி ஒருவர் வாதங்களைப் படித்து, கட்டுரையை வைத்திருக்கலாம், நீக்கலாம், வேறு கட்டுரையோடு இணைக்கலாம், வரைவாகத் திருப்பி அனுப்பலாம் என்று முடிக்கிறார். நீக்கப்பட்ட கட்டுரையும் முற்றாக அழிந்துவிடாது, நிர்வாகிகளால் மீட்க முடியும். ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் முடிவெடுக்கும் பேச்சுப் பக்கத்தில் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருக்கிறார்கள்.

இந்த விதி வேண்டும் என்பதே என் கட்சி. இது இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே தேர்தல் வேட்பாளர்களும் வீட்டுமனை விற்பவர்களும் வந்து நிரப்பிவிடுவார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிச் சான்றில்லாமல் எழுதினால் அவருக்கே கேடு வரலாம்; அதுவும் ஊரில் பகை சம்பாதித்துக்கொண்டு வேலை செய்யும் பெண்ணுக்கு. விதியை எடுத்தெறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அது எங்கே கோணுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

கனடாவின் டோனா ஸ்டிரிக்லண்ட் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லேசர் இயற்பியலில் பல்லாண்டு உழைத்தவர். 2018 மே மாதம் அவரைப் பற்றிய வரைவு, சான்றுகள் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. அக்டோபர் 2ஆம் தேதி இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. பிறகு கட்டுரை சில மணி நேரத்தில் வந்துவிட்டது. அவருக்காவது நோபல் வந்தது. அமெரிக்காவின் கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் கதையில் அப்படி எதுவும் வந்து காப்பாற்றவில்லை, அதனால் அதை நெருங்கிப் பார்த்தால்தான் விதியின் குணம் புரியும்.

ஃபெல்ப்ஸ் கறுப்பினப் பெண், கடற்படையில் பணியாற்றிவிட்டு டென்னசியின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்துக்கு வந்தவர். 117ஆம் தனிமத்தை உருவாக்க பெர்கிலியம்-249 என்ற பொருள் தேவைப்பட்டது. ஓக் ரிட்ஜில் அதை உண்டாக்கித் தூய்மைப்படுத்திய அளவு வெறும் 22 மில்லிகிராம். சுமார் 330 நாளில் பாதி அழிந்துவிடும் பொருள் அது. அதற்குள் ரஷ்யாவின் துப்னா ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்து சோதனை நடக்க வேண்டும். அந்தத் தூய்மைப்படுத்தும் குழுவில் ஃபெல்ப்ஸ் இருந்தார். பிறந்த தனிமத்துக்கு டென்னசின் என்று பெயர். அவரைப் பற்றி 2018இல் ஜெஸ் வேட் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் விக்கிப்பீடியாவில் கட்டுரை தொடங்கினார். 2019 பிப்ரவரியில் அது நீக்கப்பட்டது. ஃபெல்ப்ஸின் பெயர் வந்த இடங்களில் முக்கியமானது அவர் வேலை பார்த்த ஆய்வகத்தின் வெளியீடுதானே, சுதந்திரமான சான்று எங்கே என்பதுதான் வாதம். விதிப்படி அந்த வாதம் தவறில்லை. ஆனால் ஒரு தேசிய ஆய்வகத்தின் கதிரியக்கக் கூடத்துக்குள் நடந்ததை வெளியாள் எப்படி எழுதுவார்? குழுத்தலைவரைப் பேட்டி எடுப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கையுறையோடு நின்றவரை யார் கேட்கிறார்கள்? நீக்கம் செய்தியான பிறகு பத்திரிகைகள் ஃபெல்ப்ஸைப் பற்றி எழுதின, அந்த எழுத்துகள் சான்றாயின, 2020 ஜனவரியில் கட்டுரை மீண்டும் வந்தது. அவர் வேதியியலில் புதிதாக எதுவும் அதற்காகச் செய்யவில்லை. வெளியார் எழுதினார்கள் என்பதுதான் இடையில் நடந்த ஒரே மாற்றம்.

இதெல்லாம் தனித்தனிச் சம்பவம்தானே, மொத்தத்தில் பெண்களுக்குத் தடை உயரமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? உள்ளே வராதவர்களை எண்ண முடியாதே! ஆய்வாளர்கள் இதற்குக் கண்ட வழி மிக அழகானது. கிளாடியா வாக்னரும் உடனாய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே வந்துவிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை மொழி விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது, கூகுளில் எவ்வளவு தேடப்படுகிறார் என்று வெளியளவுகளை வைத்துப் புகழை அளந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தடை ஒரே உயரம் என்றால் உள்ளே இருப்பவர்களின் புகழும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. உள்ளே இருக்கும் பெண்கள் உள்ளே இருக்கும் ஆண்களைவிடச் சராசரியாக அதிகம் அறியப்பட்டவர்கள். அதாவது, ஓரளவே தெரிந்த ஆண் உள்ளே வந்துவிடுகிறார், அதே அளவு தெரிந்த பெண் வாசலில் நின்றுவிடுகிறார். வெளியே நிற்பவரை ஒருவர்கூடப் பார்க்காமல், உள்ளே இருப்பவரை அளந்தே வாசலின் உயரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வாக்னரும் உடனாய்வாளர்களும் முந்தைய ஆண்டு செய்த ஆய்வில் இன்னொன்று கிடைத்தது. ஆங்கிலக் கட்டுரைகளில் விவாகரத்து என்பதைக் குறிக்கும் சொல் ஆண்களைப் பற்றிய கட்டுரைகளைவிடப் பெண்களைப் பற்றியவற்றில் 4.4 மடங்கு அதிகம் வருகிறது. உள்ளே வந்த பிறகும் பெண்ணைக் குடும்பத்தை வைத்தே எழுதுகிறார்கள். 2021இல் சமூகவியலாளர் பிரான்செஸ்கா டிரிபோடி, பெண்களைப் பற்றிய கட்டுரைகள் அவற்றின் பங்குக்கு மேல் நீக்கலுக்கு முன்மொழியப்படுவதைக் காட்டினார். அப்படி முன்மொழியப்பட்டவற்றில் பல, பிறகு தகுதி உண்டு என்று வைத்துக்கொள்ளப்பட்டவை. நல்ல முடிவுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒரு வாரம் உட்கார்ந்து வாதாட வேண்டியிருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் இன்றும் பெண்களைப் பற்றியவை ஐந்தில் ஒன்று அளவுதான். 2015இல் தொடங்கிய விமன் இன் ரெட் என்ற தன்னார்வலர் முயற்சி இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது.

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம். 412 ஊராட்சிகள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் பாதியாக உயர்ந்தது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களோடு இங்கும் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. அந்த மாதம் ஏறத்தாழ இருநூறு பெண்கள் ஊராட்சித் தலைவர்களாகப் பதவியேற்றார்கள். பட்டியலினப் பெண்கள், பழங்குடிப் பெண்கள் அதில் கணிசம். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த மண்ணில் நினைத்தும் பார்த்திருக்க முடியாத மாற்றம் இது. கல்வராயன் மலை 1976 வரை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களின், அதாவது பரம்பரை நில ஆட்சிகளின், பிடியில் இருந்த இடம். ஊர்ப் பொறுப்புகள் வழிவழியாக ஆண்களிடமே இருந்தன. அங்கே ஒரு மலையாளிப் பெண் கிராம சபையைக் கூட்டி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, ஒன்றிய அலுவலகத்தில் நாற்காலியில் உட்காருவது வரலாறுதான்.

அந்த வரலாற்றை யார் எழுதியிருக்கிறார்கள்? டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் இந்த மலையை ஜாகிர், வரி, காடு, பழக்கவழக்கம் என்று வெளியிலிருந்து பார்த்து விவரிக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் மலையாளிகளைப் பற்றித் தனிப்பகுதி உண்டு. மக்கள் இனமாக வருகிறார்கள், ஆட்களாக வருவதில்லை. ஆனால் விக்கிப்பீடியாவின் கண்ணுக்கு இவை முதல்தரமான நூல்கள். ஜாகிர்தாருக்குச் சான்று கிடைக்கும். அதே காலத்தில் மலையில் மருத்துவம் பார்த்த, பஞ்சம் வந்தபோது ஊரைத் தாங்கிய பெண்ணுக்குக் கிடைக்காது.

நாளிதழ்களுக்கு வந்தால், செய்தி வருவதில்லை என்று சொல்ல மாட்டேன். வருகிறது. மாவட்டப் பதிப்பின் உள்பக்கத்தில், பகுதிநேரச் செய்தியாளர் ஒருவர் அனுப்பிய எட்டு வரியாக, பல நேரம் படமில்லாமல், தலைவரின் முதலெழுத்தும் பெயரும் மட்டும் தாங்கி வருகிறது. சென்னைப் பதிப்பில் அது இல்லை. இணையப் பதிப்பில் வந்தாலும் இரண்டு மூன்று ஆண்டில் இணைப்பு செத்துப்போகிறது. தாளோ, பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. கலைக்களஞ்சியத்தின் படியில் அளவு குறையலாம் என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, நெல்லே களத்துக்கு வந்து சேரவில்லை.

வெளியூர்ப் பத்திரிகைகள் எப்போது வருகின்றன என்றும் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது நாடே இங்கு வந்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அந்த நாட்களில் படத்தில் வந்த பெண்கள் கணவனை இழந்தவர்களாகவே வந்தார்கள். அண்டை மாவட்டமான கடலூரில், பட்டியலினத்தைச் சேர்ந்த ஒரு பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020 அக்டோபரில் வெளியாகி இந்தியா முழுக்கச் செய்தியானது. சான்று என்று பார்த்தால் அவருக்கு இன்று ஏராளம். ஆனால் எல்லாம் அவர் அவமதிக்கப்பட்டதைப் பற்றியவை. ஊராட்சியில் அவர் என்ன செய்தார், என்ன முடிவெடுத்தார் என்பதற்கு அந்த ஏராளத்தில் இடமில்லை. விக்கிப்பீடியாவிலும் ஒரே நிகழ்வால் மட்டும் அறியப்பட்டவருக்குப் பொதுவாகத் தனிக்கட்டுரை கூடாது என்ற விதி உண்டு. அது அவரைக் காக்கும் விதியும்கூட: ஒரு மனுஷியின் வாழ்க்கையை ஒரு அவமானமாகச் சுருக்கி என்றென்றைக்கும் தேடுபொறியின் முதல் வரியில் நிறுத்துவது யாருக்கும் நியாயமில்லை. அந்த இடத்தில் நானும் தனிக்கட்டுரை வேண்டாம் என்றே சொல்வேன்.

மதுரை அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளையின் கதை வேறு மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாதவர், நிலமில்லாதவர். நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்களுக்குத் தலைமை தாங்கி, கூலியைப் பேசி வாங்கித் தருபவராக இருந்தார். பிறகு களஞ்சியம் சேமிப்புக் குழுக்களைக் கட்டியெழுப்பினார். இதெல்லாம் பல ஆண்டு வேலை. 2001 ஜனவரியில் தில்லியில் அவருக்கு ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம். 2019இல் பத்மஸ்ரீ. இன்று அவருக்கு விக்கிப்பீடியாவில் இடமுண்டா என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். 2000 டிசம்பரில் கேட்டிருந்தால்? சின்னப்பிள்ளை அன்றும் அதே சின்னப்பிள்ளைதான். மேடையில் பிரதமர் குனிந்த ஒரு நொடிதான் குறைவு. 1989இல் தருமபுரியில் தொடங்கி, பின்னர் சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும் வந்த மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டத்தில் அவரைப் போன்ற பெண்கள் எத்தனை பேர் எழுந்தார்கள்! அவர்கள் முன்னால் எந்தப் பிரதமரும் குனியவில்லை.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அனுபவத்திலிருந்து இங்கே எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. 1955 டிசம்பர் 1ஆம் தேதி அலபாமாவின் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் கைதான அன்று இரவு, கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கல்லூரியின் நகலெடுக்கும் எந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கை அடித்தார். விடிந்ததும் நகரெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பேருந்துப் புறக்கணிப்புக்கு முதல் அழைப்பு அதுதான். 381 நாள் நடந்த போராட்டம் உலகுக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரால் தெரிந்தது. ராபின்சன் சார்ந்த பெண்கள் அமைப்பு பின்னால் நின்றது. 1987இல் அவருடைய நினைவுக் குறிப்பு பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக நூலாக வந்தது. வரலாற்றாசிரியர்கள் அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்களை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியானால் விக்கிப்பீடியாவில் அவருக்கு இடம் உறுதியானது, விக்கிப்பீடியாவே பிறக்காத ஒரு காலத்தில், ஒரு பதிப்பாசிரியரின் மேஜையில்.

நம் பக்கமும் இதற்குச் சான்று உண்டு. அயோத்திதாசர் 1914இல் இறந்தார். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அவரைப் பொதுச் சமூகம் மறந்தே போனது. ஆனால் 1907இல் அவர் தொடங்கிய வார இதழின் பிரதிகளை அன்பு பொன்னோவியம் பத்திரமாக வைத்திருந்தார். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. இன்று அவரில்லாமல் தமிழ்ச் சிந்தனை வரலாறு எழுத முடியாது. சொந்தமாக இதழ் நடத்தினார், ஒருவர் அதைக் காப்பாற்றினார், ஒருவர் தொகுத்தார். இந்த மூன்றும் ஒடுக்கப்பட்ட பெண்களுக்கு ஒன்றாய் வாய்த்தது அபூர்வம். சத்தியவாணி முத்துவையே பாருங்கள். 1967 முதல் மாநில அமைச்சர், 1974இல் திமுகவை விட்டு வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர், 1979இல் மத்திய அமைச்சர். அவருக்குக் கட்டுரை இருக்கிறது. பதவிகளின் பட்டியல் இருக்கிறது. கட்சியை விட்டு வெளியேறும் அளவுக்கு அவரைத் தள்ளியது என்ன, என்ன பேசினார் என்பதை ஒரு நல்ல வாழ்க்கை வரலாற்றின் அளவுக்கு எழுதித்தான் அந்தக் கட்டுரை நிரம்ப வேண்டும். இடம் கிடைப்பது ஒரு பாதி, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு பாதி.

எல்லைக்கோட்டில் நிற்பவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, கல்வராயன் மக்களைப் போலவே மலையாளிப் பழங்குடி. குழந்தை பிறந்த சில நாட்களிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, 2024 பிப்ரவரியில் தன் 23ஆம் வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். மாநிலம் முழுக்கச் செய்தி, முதல்வரின் வாழ்த்து. கீழமை நீதிமன்ற நீதிபதி என்ற பதவி மட்டும் விக்கிப்பீடியாவில் தகுதி தராது. ஒரே நிகழ்வு என்றும் ஒருவர் வாதிடலாம். என் தீர்ப்பு வேறு. அவரைப் பற்றி வெவ்வேறு பத்திரிகைகள் விரிவாக, தனித்தனியாக, சாதனையை முன்வைத்து எழுதியிருக்கின்றன. ஒரு பழங்குடிக்கும் நீதித்துறைக்கும் இடையே திறந்த கதவு அது. ஒரு நாள் செய்தியாக ஓய்ந்துவிடக்கூடியதில்லை. சிறிய கட்டுரை ஒன்று இருக்கட்டும், வளரட்டும்.

ஆனால் கள்ளக்குறிச்சியின் இருநூறு ஊராட்சித் தலைவிகளுக்கும் ஆளுக்கொரு பக்கம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆண் தலைவர்கள் எல்லோருக்கும் பக்கம் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஊர்க் கட்டுரையில் ஒரு பத்தி, ஒன்றியத்தின் கட்டுரையில் ஒரு பட்டியல் பல நேரம் போதும். தலைவரின் பெயரைத் தேடினால் அந்தப் பத்திக்குக் கொண்டுபோகும் வழிமாற்று ஒன்றைப் போடலாம். பல தொகுப்பாளர்கள் மறந்துவிடும் விஷயம் இது: பக்கம் உண்டு, இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அதேபோல் விதியிலேயே இருக்கும், பலர் படிக்காத ஒரு வரி: சான்று இணையத்தில் இருக்க வேண்டும் என்றோ ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. 1998இல் ஒரு தமிழ் வார இதழில் வந்த நான்கு பக்கக் கட்டுரை, தேதியும் பக்க எண்ணும் சரியாக இருந்தால், முழுச் சான்று. ஆங்கில விக்கிப்பீடியாவில்கூட.

அச்சே இல்லாத இடத்தில்? 2011இல் அச்சல் பிரபாலா முன்னின்று நடத்திய முயற்சியொன்றில் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் ஊர் மக்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து, அதையே விக்கிப்பீடியாவில் சான்றாகக் காட்டிப் பார்த்தார்கள். பொது விதியாக அது ஏற்கப்படவில்லை. சரிபார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு நல்ல விடை கிடைக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒலிப்பதிவு வீண் இல்லை. இலங்கையில் 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் அச்சு ஆவணங்களோடு வாய்மொழி வரலாறுகளையும் சேமித்துத் திறந்து வைத்திருக்கிறது. அப்படி ஒரு இடத்தில் சேர்ந்த பதிவைக் கேட்டு ஆய்வாளர் ஒருவர் நூல் எழுதினால், அந்த நூல் சான்று. கறுப்பின வரலாற்றை எழுதச் சேர்ந்து உட்கார்ந்த அமெரிக்கக் குழுக்களும், 2015 முதல் தலித் வரலாற்று மாதத்தை நடத்திவரும் பெண்களும் கற்றுக்கொண்டது இதைத்தான். கட்டுரையைக் கடைசியில் எழுத வேண்டும்.

ஆகவே கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் ஊர்த் தலைவியைப் பற்றி இன்றே விக்கிப்பீடியாவில் கணக்குத் திறந்து எழுதாதீர்கள். சொந்தக்காரர் என்றால் எழுதவே எழுதாதீர்கள். அது ஏழு நாளில் போய்விடும், போன பிறகு மறுபடி வருவது இரட்டிப்புக் கடினம். முதலில் அவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், அவர் சம்மதத்தோடு. எந்த ஆண்டு, எந்த வார்டு, எந்தத் தீர்மானம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராம சபைத் தீர்மானங்களின் நகலைப் பெற்று வையுங்கள். அவை தகுதியை நிறுவாது, ஆனால் தேதியையும் தகவலையும் உறுதி செய்யும். மாவட்டப் பதிப்பில் வரும் செய்தியை நாளிதழ் பெயர், தேதி, பதிப்பு, பக்க எண்ணோடு படமெடுத்து மாவட்ட நூலகத்தில் ஒரு கோப்பாகச் சேருங்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் தோழி இருந்தால் அவளை வெள்ளிமலைக்குக் கூட்டிப் போங்கள். இதழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எட்டு வரி வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு பக்கம் கொடுங்கள், முழுப் பெயரோடு.

2021இல் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த சுழற்சியில் ஒதுக்கீடு மாறும் ஊர்களில் அந்தப் பெண்கள் மறுபடி நிற்கவும் முடியாமல் போகலாம். அதற்கு முன் போய்க் கேட்டு எழுதிவிடுங்கள்.